நத்தைக்குக் காய் நறுக்கும்போது

என் மீன் தொட்டியில் இருக்கும் மஞ்சள் ஆப்பிள் நத்தைக்கு (இது ஒரு நன்னீர் நத்தை வகை) வெள்ளரிக்காய் என்றால் உயிர். துண்டு தரையைத் தொடுவதற்குள் கொம்புகளை ஆட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த ஆவலைப் பார்த்து மயங்கி, சில மாதங்கள் வெள்ளரியாகவே போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டின் விளிம்பில் புதிதாக வளர்ந்த பகுதி காகிதம்போல மெலிந்து வெளிறியபோதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளரியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். ஓடு கட்ட அதில் என்ன இருக்கிறது?

நத்தை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதனால் இப்போது ஓட்டை மனத்தில் வைத்துத்தான் காய் எடுக்கிறேன். புரோக்கோலி, கேல் (முட்டைக்கோஸ் இனக் கீரை) இலை இரண்டும் என் முதல் தேர்வு. பீன்ஸ், சுக்கினி, கேரட், தோல் நீக்கிய பட்டாணி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பாலக்கீரையில் கால்சியம் இருந்தாலும் ஆக்சாலிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எப்போதாவது ஓர் இலை போதும். எலுமிச்சை, ஆரஞ்சு, வெங்காயம், பூண்டு, உப்போ மசாலாவோ பட்ட எதுவும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 7-க்குக் கீழே இறங்கி அமிலமானால் ஓடு கரையத் தொடங்கும். அப்போது காய் மட்டும் காப்பாற்றாது. கால்சியம் நிறைந்த கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைத் தொட்டியில் போட்டு வையுங்கள்.

கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது. பயிருக்கு அடிக்கும் சில பூஞ்சைக்கொல்லிகளில் தாமிரம் உண்டு. நத்தைக்கு அது நஞ்சு. தோல் உரிக்க முடிந்த காயை உரித்துவிடுவேன். பிறகு உப்பில்லாத கொதிநீரில் போட்டு, நகம் எளிதாக இறங்கும் பதத்தில் எடுத்து, குளிர்ந்த நீரில் ஆறவிடுவேன். பீன்ஸுக்கு இரண்டு மூன்று நிமிடம். கேரட்டுக்கு இன்னும் கொஞ்சம். நத்தை கடித்துத் தின்பதில்லை, அரம் போன்ற நாக்கால் சுரண்டுகிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அந்த வாய் திறந்து மூடுவதைப் பார்த்தால், பச்சைக் கேரட்டோடு அது ஏன் மல்லுக்கட்டுகிறது என்பது புரியும்.

ஒரு நத்தைக்குக் கட்டைவிரல் நகம் அளவுத் துண்டு போதும். மிதந்தால் எவர்சில்வர் முள்கரண்டியில் செருகி இறக்குங்கள். இரவில் போட்டுக் காலையில் எடுத்துவிட வேண்டும். ஒருமுறை இரண்டு நாள் மறந்துவிட்டேன். தண்ணீர் பால்போலக் கலங்கி, அமோனியா ஏறி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன.

எல்லா நத்தையும் இதற்கு மசியாது. நெரைட் நத்தை பாசியை விட்டுக் காயை ஏறெடுத்தும் பார்ப்பது அரிது. அசாசின் நத்தையோ சுத்த அசைவம்.

கேரட் போட்ட மறுநாள் எச்சம் ஆரஞ்சு நிறத்தில் வரும். முதன்முறை பார்த்தபோது ஏதோ நோய் என்று பயந்து, பாதித் தொட்டித் தண்ணீரை மாற்றிவிட்டேன்.