உயில் ஒரு பெயர், நாமினி வேறு பெயர்

மகள் பிறந்ததும் உயில் எழுதினேன்: எல்லாம் மனைவிக்கு, அவளும் இல்லையென்றால் மகளுக்கு. ஆனால் கல்யாணத்துக்கு முன் எடுத்த இன்சூரன்ஸில் நாமினி, அதாவது என் காலத்துக்குப் பின் பணத்தைப் பெற நான் குறித்தவர், காலமான அம்மா.

சரி என்று ஒரு தாளில் இடப்பக்கம் கணக்குகள், வலப்பக்கம் நாமினி பெயர்கள் என எழுதினேன். பொருந்தாத இடங்களில் படிவம் கொடுத்து மாற்றி, ஒப்புகைச் சீட்டுகளை உயிலோடு சேர்த்து வைத்தேன். மைனர் கையில் பணத்தை நேராகத் தர மாட்டார்கள். அதனால் தங்கையை கார்டியனாகக் குறித்தேன், அவளிடம் கேட்டுவிட்டுத்தான்.

சாட்சிக்கு உயிலில் பங்கில்லாத இருவர். பங்குள்ளவரே கையெழுத்துப் போட்டால் பல நாடுகளில் அவருக்கு எழுதியது செல்லாமல் போகலாம். இதைத்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள்.

மகள் மேஜரானதும் உயிலில் கார்டியனைப் பற்றிய பகுதி தேவைப்படாது. அப்புறம் புது உயில்தான், தேதியோடு, முந்தையது ரத்து என்ற வரியோடு.