முதியோர் பராமரிப்பு இல்லத்தின் தரத்தை எப்படிப் பார்ப்பது? முதல் முறை தேடுகிறவர்களுக்கு

என் பெரியம்மாவுக்கு இல்லம் தேடியபோது நாங்கள் பார்த்ததெல்லாம் தரை சுத்தமா, தோட்டம் இருக்கிறதா, அறையில் வெளிச்சம் வருகிறதா என்பதுதான். எல்லாம் இருந்தது. சேர்த்த பத்தாவது நாள் காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளர் காலையில் எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் சாயங்காலமும் இருந்தது. மேசை அவர் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோனவர், பேச்சும் சரியாக வராது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அங்கே யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. தண்ணீர் வைத்தார்கள், போய்விட்டார்கள். அவர் குடித்தாரா என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு உறவினர்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் பல இல்லங்களுக்குப் போயிருக்கிறேன். இப்போது நான் முதலில் தேடுவது, அங்கே வாய் திறந்து எதையும் கேட்க முடியாத ஒருவரை. அவர் நன்றாக இருந்தால் மற்றவர்களும் பெரும்பாலும் நன்றாக இருப்பார்கள்.

ஒரு விளக்கம் மட்டும். நர்சிங் ஹோம் என்றால் நம்மில் பலருக்குச் சின்ன மருத்துவமனை என்றுதான் தோன்றும். இங்கே நான் சொல்வது, முதியவர்கள் நீண்ட காலம் தங்கி, நர்ஸ்களின் கவனிப்பில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தை.

படி 1: போவதற்கு முன்னால் ஒரு தாள் எடுத்து எழுதுங்கள்

இல்லம் நல்லதா என்பதற்கு முன், யாருக்கு நல்லது என்று தெரிய வேண்டும். 1963-இல் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஓர் எளிய பட்டியலை வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்க முடிவது, தானாகச் சாப்பிடுவது என்று ஆறு விஷயங்கள். இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. இந்த ஆறையும் எழுதி, உங்கள் வீட்டுப் பெரியவர் எதைத் தானாகச் செய்கிறார், எதற்கு ஆள் வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள். மறதிநோய், விழுங்குவதில் சிரமம், கதீட்டர் (சிறுநீர் வெளியேற வைக்கும் குழாய்), ஏற்கெனவே விழுந்த அனுபவம் இருந்தால் அதையும் சேருங்கள். போகிற இடத்தில் "எல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்ற பதிலைத் தாண்டிக் கேள்வி கேட்க இந்தத் தாள் உதவும்.

உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஆய்வு அறிக்கைகள் பொதுவில் கிடைக்கும் நாடாக இருந்தால் கடைசி இரண்டு மூன்று அறிக்கைகளையாவது படியுங்கள். ஒரு குறை ஒரு தடவை வந்தால் திருத்திக்கொண்டிருக்கலாம். அதே குறை அறிக்கைக்கு அறிக்கை திரும்ப வந்தால் அது அந்த இடத்தின் பழக்கம்.

படி 2: வாசலில் அதிக நேரம் நிற்காதீர்கள்

மருத்துவக் கவனிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-இல் அவேடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்தார். கட்டடம், கட்டில், ஆட்களின் எண்ணிக்கை எல்லாம் அமைப்பு. அங்கே அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்பது செயல்முறை. அதனால் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பது விளைவு. சுற்றிக் காட்டுகிறவர் நமக்குக் காட்டுவது முதலாவதை மட்டும்தான். மற்ற இரண்டையும் நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும்.

வாசனையைக் கவனியுங்கள். ஓர் அறையில் அந்த நேரத்துக்குச் சிறுநீர் வாடை வந்தால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இப்போதுதான் யாருக்காவது ஆகியிருக்கும். ஆனால் நடைபாதை முழுக்கப் பழைய வாடை தங்கியிருந்தாலோ, அதை மறைக்கிற மாதிரி வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தாலோ, டயபரும் படுக்கை விரிப்பும் நேரத்துக்கு மாறவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் காது. அழைப்பு மணி அடித்தால் உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். யார் போகிறார், எத்தனை நிமிடத்தில் போகிறார்? சிலர் போய் மணியை மட்டும் நிறுத்திவிட்டு "வரேன் பாட்டி" என்று திரும்பிவிடுவார்கள். அது பதில் ஆகாது.

படி 3: படுக்கையில் இருப்பவரைப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். முன்பின் தெரியாதவரின் அறைக்குள் நுழைந்து உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை. பொது இடத்தில் வீல்சேரில் உட்கார்ந்திருப்பவர்களையும், கதவு திறந்திருக்கும்போது நடந்துபோகையில் கண்ணில் படுபவர்களையும் கவனித்தாலே போதும்.

நகம் வெட்டியிருக்கிறதா, நகத்துக்கடியில் அழுக்கு இருக்கிறதா? வாய் காய்ந்திருக்கிறதா? கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடி முகத்தில் இருக்கிறதா, டப்பாவுக்குள் இருக்கிறதா? காது கேட்கும் கருவியின் பேட்டரி தீர்ந்துபோய் வாரக்கணக்கில் அப்படியே இருந்தால், அந்த மனிதருக்கு மறதி முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இது உண்மையிலேயே நடக்கிறது. தண்ணீர் கைக்கு எட்டுகிறதா? வயதானால் தாக உணர்வே குறைந்துபோகும். கேட்கவில்லை என்பதால் தாகமில்லை என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது படுக்கைப் புண். எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் நின்றுபோவதால் வருவது. வால் எலும்புப் பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில்தான் அதிகம். புரண்டு படுக்க முடியாதவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, ஆளையும் மெத்தையையும் பொறுத்து மாறும். "இவரைக் கடைசியாக எப்போது, எந்தப் பக்கம் திருப்பினீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல இடத்தில் ஒரு தாளைக் காட்டுவார்கள். அந்தத் தாளையும் கொஞ்சம் நம்பாமல் பாருங்கள். இப்போது மணி மூன்று, ஐந்து மணிக்கான கட்டத்தில் ஏற்கெனவே கையெழுத்து இருக்கிறது என்றால் அதற்குமேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஏற்கெனவே ஓர் இல்லத்தில் இருந்தால் குதிகாலை நீங்களே பாருங்கள். சாக்ஸைக் கழற்றி, சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் அது புண்ணின் முதல் நிலை. நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். அதனால் தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று. அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது, நசுங்கிய தோல் இன்னும் கெடும். வளையம் போன்ற குஷனும் வேண்டாம். கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி வைப்பதுதான் சரி. உடனே நர்ஸிடம் காட்டுங்கள்.

திருப்பும்போது அருகில் இருக்க வாய்த்தால், திருப்புகிற பராமரிப்பாளர் பேசுகிறாரா என்று கவனியுங்கள். "அம்மா, இப்போ உங்களை இந்தப் பக்கம் திருப்பப் போறேன், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கை வைப்பவரும் இருக்கிறார். படுத்திருப்பவரின் தலைக்கு மேலே இன்னொருவருடன் பேசிக்கொண்டே மூட்டையைப் போலப் புரட்டுபவரும் இருக்கிறார். ஓர் இடத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்தக் காகிதமும் சொல்லாது.

படி 4: சாப்பாட்டு நேரத்தில் போங்கள்

தானாகச் சாப்பிட முடியாதவர்கள் எத்தனை பேர், ஊட்டிவிட எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஊட்டுபவர் உட்கார்ந்துகொண்டு, முந்தைய வாய் இறங்கியதா என்று பார்த்து அடுத்த வாய் கொடுக்க வேண்டும். நின்றுகொண்டு அவசரமாகத் திணித்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் தொற்று வரலாம். படுத்த நிலையில் ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும்.

தொடாத தட்டை எடுத்துப்போகிறவர் "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்கிறாரா, யாரிடமாவது சொல்கிறாரா?

மாதா மாதம் எடை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை தானாகக் குறைந்தால் அதைக் கவலைக்குரியதாக எடுத்துக்கொள்வார்கள். 60 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 57 ஆனால் மருத்துவருக்குத் தகவல் போயிருக்க வேண்டும்.

படி 5: மேலாளரிடம் கொஞ்சம், பராமரிப்பாளரிடம் நிறைய

மேலாளரிடம் கேட்க வேண்டியவை: இரவு ஷிஃப்டில் எத்தனை பேர், அதில் நர்ஸ் உண்டா? மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார்? இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரை, எந்த வரிசையில் அழைப்பீர்கள்? பகல் எண்ணிக்கையைச் சொல்லி இரவைத் தாண்டிப்போனால் திரும்பக் கேளுங்கள்.

பராமரிப்பாளரிடம் வேறு மாதிரி பேசுங்கள். "இங்கே எத்தனை நாளாக இருக்கிறீர்கள்? தினமும் ஒரே ஆட்களைத்தான் பார்த்துக்கொள்வீர்களா?" தினமும் அதே கை, அதே முகம் என்று இருந்தால்தான் "இன்று இவர் வழக்கம்போல் இல்லை" என்பது தெரியும். முதியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் இல்லாமலே திடீர்க் குழப்பமாக மட்டும் வெளிப்படலாம். பழகிய ஆள்தான் அதைப் பிடிப்பார். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இந்த அறிவு சேரவே சேராது. அவர்களைக் குற்றவாளியைப் போல விசாரிக்க வேண்டாம். இடுப்பொடிகிற வேலை அது. ஓய்வில்லாமல் வேலை வாங்கும் இடத்தில் எவ்வளவு நல்ல மனசுக்காரரும் ஒருநாள் பொறுமை இழப்பார்.

ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது கை கழுவுகிறாரா, கிருமிநாசினி போடுகிறாரா என்பதையும் ஓரக்கண்ணால் பாருங்கள்.

படி 6: கட்டி வைக்கிறார்களா, தூங்க வைக்கிறார்களா?

நண்பகலில் பொதுக்கூடத்தில் இருக்கும் எல்லோரும் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால் அதை அமைதி என்று நினைத்து மகிழாதீர்கள். மறதிநோய் உள்ளவர்கள் சாயங்காலம் ஆனால் பதற்றப்படுவது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று நடப்பது எல்லாம் சகஜம். அதை அடக்க மனநோய் மருந்துகளைக் கொடுக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இலேயே எச்சரித்தது. எந்த மருந்து, எதற்காக, யார் எழுதினார், எப்போது நிறுத்திப் பார்ப்பீர்கள் என்று நான்கையும் கேளுங்கள்.

"விழுந்துவிடுவார், அதனால் கட்டினோம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டி வைத்தால் தசை வற்றும், படுக்கைப் புண் வரும், அவிழ்க்க முயன்று அடிபடும். கட்டிலின் பக்கத் தடுப்புகூட, அதன் மேல் ஏறி இறங்கப் பார்ப்பவருக்கு ஆபத்துதான். கட்டிலைத் தாழ்வாக வைப்பது, கழிப்பறைக்கு நேரத்துக்குக் கூட்டிப்போவது, வழுக்காத செருப்பு, இரவு விளக்கு என்று வேறு வழிகள் இருக்கின்றன.

படி 7: சொல்லாமல் இரண்டாவது முறை போங்கள்

முதல் முறை நேரம் சொல்லிப் போனீர்கள். இரண்டாவது முறை விடுமுறை நாளில், சாயங்காலம் ஏழு மணிவாக்கில் போய் நில்லுங்கள். ஆட்கள் குறைவாக இருக்கும் நேரம் அது. உள்ளே விட மறுத்தால் காரணம் கேளுங்கள். குளிப்பாட்டும் நேரம், தொற்று பரவுகிறது என்பது போன்ற காரணங்கள் நியாயமானவை. "முன்கூட்டியே சொல்லாமல் யாரும் வரக் கூடாது, எப்போதுமே" என்றால் நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

அங்கே வந்திருக்கும் மற்ற குடும்பத்தினருடன் பேசுங்கள். "குறை சொன்னால் என்ன நடக்கிறது?" என்ற ஒரே கேள்வி போதும். குறையே இல்லாத இல்லம் கிடையாது. சொன்ன குறை அடுத்த வாரம் சரியாகியிருந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 8: சேர்த்த பிறகு

பராமரிப்புத் திட்டம் என்று ஒரு கோப்பு ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். நீங்கள் முதல் படியில் எழுதிய தாளை அதோடு ஒப்பிடுங்கள். எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், வலித்தால் முகத்தை எப்படிச் சுளிப்பார் என்று வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தவற்றை அதில் எழுதச் சொல்லுங்கள்.

போகும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், எடை, தோல், அன்றைக்கு யார் கவனித்தார் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். பெரியம்மா விஷயத்தில் நான் அந்த நோட்டைத்தான் மேலாளர் முன் வைத்தேன். மறுநாளே மேசை கட்டிலை ஒட்டி வந்தது. டம்ளருக்குப் பதிலாக ஒரு கையால் பிடிக்கக்கூடிய, குழல் வைத்த கப் வந்தது. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் எவ்வளவு குடித்தார் என்று எழுத ஒரு தாளும் சுவரில் ஏறியது. இப்போதும் போனதும் முதலில் அந்தக் கப்பைத் தூக்கிப் பார்க்கிறேன்.