பல்ஸ் விட்த் மாடுலேஷன்: கெடுப்பது பெரும்பாலும் வேகம்தான்

சின்தசைசரில் (சின்த்) ஒலி அலையை உருவாக்கும் ஒரே ஓர் ஆசிலேட்டரை வைத்துக்கொண்டு பல கருவிகள் சேர்ந்து வாசிப்பது போன்ற ஒலியைத் தரக்கூடியது பல்ஸ் விட்த் மாடுலேஷன், அதாவது பல்ஸ் அலையின் அகலத்தை அசைத்துக்கொண்டே இருப்பது. 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 சின்த் இதற்கு நல்ல சாட்சி. அதில் ஒரு குரலுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களில் ஒன்றுக்கு) ஒரு ஆசிலேட்டர்தான். ஆனாலும் அதன் ஸ்ட்ரிங்ஸ் ஒலி மெலிந்து கேட்பதில்லை. அதில் உள்ள கோரஸுக்கும் (ஒலியின் நகலைச் சற்று விலக்கிச் சேர்க்கும் எஃபெக்ட்) பங்கு உண்டு. ஆனால் கோரஸை அணைத்துவிட்டுக் கேட்டாலும் அந்த அசைவு மிச்சம் இருக்கும். அதே வசதியை நம் சின்தில் போட்டால் மட்டும் ஏன் சுருதி தள்ளாடுகிறது, ஏன் பேஸ் காணாமல் போகிறது என்று பலர் குழம்புகிறார்கள்.

காரணம் புரிய ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும். பல்ஸ் அலை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம் மேலே, மீதி நேரம் கீழே இருக்கும். மேலே இருக்கும் நேரத்தின் பங்குதான் அகலம். 50 சதவீதம் என்றால் அது சதுர அலை. இதையே இரண்டு சாடூத் (ரம்பப்பல் வடிவ) அலைகளாகவும் பார்க்கலாம்: ஒன்று நேராக, இன்னொன்று தலைகீழாக, சற்றுத் தள்ளித் தொடங்குகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பல்ஸின் அகலம். எல்எஃப்ஓ (மெதுவாக அசைந்து மற்ற அமைப்புகளை ஆட்டும் ஆசிலேட்டர்) அந்த அகலத்தை மாற்றும்போது ஒரு சாடூத் மற்றொன்றைவிட்டு நகர்கிறது. நகரும் வரைக்கும் அதன் சுருதி மற்றதிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். நமக்குப் பிடித்த அந்தத் தடிமன் இந்த விலகலில்தான் பிறக்கிறது. விலகல் அதிகமானால் கெடுவதும் இதனால்தான்.

எவ்வளவு விலகுகிறது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். முக்கோண எல்எஃப்ஓ, வேகம் 1 ஹெர்ட்ஸ், அகலம் 10 முதல் 90 சதவீதம் வரை போய்த் திரும்புகிறது என்று வையுங்கள். அரை நொடியில் 0.8 சுற்று நகர்கிறது, நொடிக்கு 1.6 சுற்று, அதாவது 1.6 ஹெர்ட்ஸ் விலகல். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் இது 6 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுதான், கேட்க இனிமையாக இருக்கும். அதே அமைப்பில் 55 ஹெர்ட்ஸ் பேஸ் ஸ்வரத்தை அழுத்தினால் கிட்டத்தட்ட 50 சென்ட், அரைச்சுரத்தில் பாதி! மேல் கட்டையில் அழகாகக் கேட்ட ஒலி கீழ்க் கட்டையில் சுருதி பிசகிக் கேட்பது இதனால்தான். சின்த் பழுது என்று நினைத்து டியூனிங்கைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆகவே பேஸுக்கு 0.2 ஹெர்ட்ஸ் வேகமும், 20 முதல் 50 சதவீதம் வரையிலான அசைவும் வைத்துத் தொடங்குங்கள். 55 ஹெர்ட்ஸில்கூட விலகல் 4 சென்ட்டைத் தாண்டாது. எல்எஃப்ஓ வேகத்தைக் கீபோர்டு டிராக்கிங்கோடு இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. மேல் ஸ்வரங்களில் வேகமாகவும் கீழே மெதுவாகவும் ஓடும். ஒரே பேட்ச் (சேமித்த ஒலி அமைப்பு) முழுக் கீபோர்டுக்கும் பொருந்தும்.

அடுத்தது ஆழம். அகலம் 0 அல்லது 100 சதவீதத்தைத் தொட்டால் அங்கே அலையே இல்லை, ஒலி அறுந்துபோகும். சில கருவிகள் அந்த எல்லைக்கு முன்பே நிறுத்திவிடும், சில நிறுத்தாது. கையால் வைத்த அகலம், எல்எஃப்ஓ, என்வலப் (ஸ்வரம் தொடங்கி முடியும்வரை அளவை மாற்றுவது) மூன்றும் கூட்டப்படும் சின்தில், தனித்தனியே சரியாக இருப்பவை சேர்ந்து எல்லை தாண்டிவிடும். அறுபடாவிட்டாலும் குறுகிய பல்ஸில் அடிப்படை ஸ்வரம் பலவீனமாகிறது: 10 சதவீதத்தில் அது சதுர அலையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஏறக்குறைய 10 டெசிபல் இறக்கம். பேஸ் வந்து வந்து போவது போலத் தோன்றினால் சத்தத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரசரைத் தேடாதீர்கள். ஆழத்தைக் குறையுங்கள், அல்லது அசையாத ஒரு சப் ஆசிலேட்டரை (கீழ் ஸ்தாயியில் ஒலிப்பது) அடியில் வையுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி.

50 சதவீதத்தை நடுவாக வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 30 சதவீதமும் 70 சதவீதமும் காதுக்கு ஒன்றே. அலை தலைகீழாகிறது, அவ்வளவுதான். பழைய நிண்டெண்டோ என்இஎஸ் வீடியோ கேம் கருவியின் பல்ஸ் சேனலில் நான்கு அகலங்கள் உண்டு: 12.5, 25, 50, 75. ஆனால் தனியாகக் கேட்டால் மூன்று ஒலிகள்தான், 25-உம் 75-உம் ஒன்றுபோலவே இருக்கும். எனவே நடுவைத் தாண்டி அசைக்கும்போது நிறம் ஒரு சுற்றில் இருமுறை மாறி, எல்எஃப்ஓ இரட்டை வேகத்தில் ஓடுவதாகத் தோன்றும். நிறம் மெல்ல மாறுவதுதான் வேண்டும் என்றால் ஒரு பக்கத்திலேயே இருங்கள், 50-இலிருந்து 85 வரை என்பது போல. தடிமன் மட்டும் போதும் என்றால் நடுவைத் தாண்டுவதில் தவறில்லை.

அப்புறம் ஃபில்டர். மேல் அதிர்வெண்களை வெட்டும் லோ-பாஸை நன்றாக மூடி வைத்துவிட்டு அசைவு கேட்கவில்லை என்று ஆழத்தைக் கூட்டுவது வீண். நிற மாற்றம் முழுக்க மேல் ஹார்மோனிக்குகளில் (அடிப்படை ஸ்வரத்தின் மடங்குகளில்) இருக்கிறது. அவற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது சத்தம் கூடிக் குறைவதுதான்.

டிஸ்டார்ஷன் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அகலம் 50-ஐ விட்டு விலகினால் அலையின் சராசரி பூஜ்ஜியத்தில் நிற்காது. இந்த டிசி விலகலை நீக்காத சின்தில் அது எல்எஃப்ஓவோடு சேர்ந்து மேலும் கீழும் ஏறி இறங்கும், டிஸ்டார்ஷன் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அதிகமாகக் கடிக்கும். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் 20 அல்லது 30 ஹெர்ட்ஸில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டுவது) போட்டால் சரியாகிவிடும்.

கார்டு வாசிக்கும்போது எல்லாக் குரல்களும் ஒரே எல்எஃப்ஓவில் அசைந்தால் ஒலி ஒரே மூச்சாக ஏறி இறங்கும். குரலுக்கு ஒரு எல்எஃப்ஓ தரும் சின்தில் அதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மறுபடி தொடங்கும் ரீட்ரிகரை அணைத்துவிடுங்கள். இரண்டு ஆசிலேட்டர் இருந்தால் ஒன்றுக்கு 0.31, மற்றொன்றுக்கு 0.43 ஹெர்ட்ஸ் என்று பொருந்தாத வேகங்கள் வைத்து, ஒரு கார்டை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துக் கேளுங்கள்.