கணினியில் நேரம் தப்பாகக் காட்டுகிறதா?
எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வந்தால், முதலில் திரையின் ஓரத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். கடிகாரம் தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி ஏற்காது. விண்டோஸில் செட்டிங்ஸ் போய், 'டேட் அண்ட் டைம்' பகுதியில் நேரத்தைத் தானாக அமைக்கும் ஸ்விட்சைப் போட்டு, 'சிங்க் நவ்' அழுத்துங்கள். நேர மண்டலத்தையும் பார்த்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அது தப்பென்றால் எத்தனை தடவை ஒத்திசைத்தாலும் மணி தள்ளியே நிற்கும்.

அலுவலக நெட்வொர்க்கில் மட்டும் ஒத்திசைவு நடக்கவில்லையா? நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வால், தகவல் போய்வரும் வாசலான யுடிபி 123 போர்ட்டை மறித்திருக்கலாம். கணினிகள் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் முறையான என்டிபி அந்த வழியாகத்தான் நேரம் கேட்கும்.

அப்புறம், அணைத்துப் போடும்போதெல்லாம் பழைய தேதிக்கே போனால், மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 தான், மாற்றிவிடுங்கள்.