மெட்ரிக் முடிந்ததும் எங்கே போய் இருப்பது? ஒரு செவ்வாய்க்கிழமைக் கணக்கு

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூலை லீவு வந்தாலே, மெட்ரிக் (பள்ளிக் கடைசி வருஷம்) படிக்கிற பிள்ளைகளிடமிருந்து என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "அண்ணா, ஜோபர்க் நல்லதா, கேப்டவுன் நல்லதா? இல்லே டர்பனிலேயே இருந்துடட்டுமா?" டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எங்கிருந்து கேட்டாலும் கேள்வி மாறுவதில்லை. நான் திருப்பிக் கேட்பது, "ஜோபர்க்கில் எந்தத் தெரு?" என்றுதான். அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. ஜோஹன்னஸ்பர்க் என்கிற ஜோபர்க் முழுவதிலும் யாராலும் குடியிருக்க முடியாதே, ஏதோ ஒரு தெருவில் ஒரு அறையில்தானே இருக்கப் போகிறோம்.

போன வருஷம் என் சித்தப்பா மகள் அக்கவுண்டிங் படிக்க எங்கே போவது என்று குழம்பியபோது, எங்கள் சமையலறை மேஜையில் ஒரு நோட்டை விரித்து இரண்டு பேரும் செய்த கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நோட்டுக்குப் பதில் எக்செல்லும் போதும். நோட்டில் அடித்தல் திருத்தல் கண்ணுக்குத் தெரியும் என்பதால் எனக்கு நோட்டுதான் பிடிக்கும்.

படி 1: காரணத்தை எழுதுங்கள், முகவரிகளை எழுதுங்கள்

முதல் பக்கத்தில் ஒரே வரி: எதற்காகப் போகிறேன்? படிப்பா, வேலையா, வீட்டை விட்டு வெளியே போனால் போதும் என்பதா? (கடைசிக் காரணத்திலும் தப்பில்லை, ஆனால் உண்மையை எழுதுங்கள்.) படிப்பு என்றால் பல்கலைக்கழக விண்ணப்பங்கள் முந்தின வருஷமே மூடிவிடும், மெட்ரிக் ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்தால் அதற்குள் நல்ல அறைகளும் போயிருக்கும். அதனால்தான் ஜூலை.

பிறகு மூன்று முகவரிகள். ஊர் பெயர் கூடாது, பேட்டைப் பெயர் வேண்டும். ஜோபர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் பிராம்ஃபொன்டைனும், ஊருக்குத் தென்மேற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் லெனேசியாவும் இரண்டு வேறு வாழ்க்கை. பிரிட்டோரியாவில் ஹாட்ஃபீல்டும் லாடியமும் அப்படித்தான், கேப்டவுனில் அப்சர்வேட்டரியும் ரைலண்ட்ஸும் அப்படித்தான். லெனேசியா, லாடியம், ரைலண்ட்ஸ் மூன்றிலும் நம்மவர்கள் நிறைய இருப்பதற்குக் காரணம் 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டம், இனத்துக்கு ஒரு பகுதி என்று குடியிருப்பைப் பிரித்த சட்டம். ஊரின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள், அந்தத் தூரத்துக்கு இன்றைக்கும் டாக்ஸிக் காசு (டாக்ஸி என்றால் இங்கே பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றில் ஒன்று உங்கள் சொந்த வீடாக இருக்கட்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருப்பதற்கும் செலவு உண்டு, அதையும் மற்ற இரண்டோடு சேர்த்து எழுதினால்தான் ஒப்பிட முடியும். தங்கை எழுதிய மூன்று: பிராம்ஃபொன்டைனில் ஒரு அறை, லெனேசியாவில் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அவுட்பில்டிங் (வீட்டுக்கு வெளியே தனியாகக் கட்டிய அறை), சாட்ஸ்வொர்த் வீட்டிலிருந்தே குவாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போய்வருவது.

படி 2: விட்டுக்கொடுக்க முடியாதவை மூன்றே மூன்று

பத்து எழுதினால் எந்த இடமும் தேறாது. தங்கையின் முதல் வரி என்ன தெரியுமா, புரட்டாசி. அந்த மாசம் முழுக்க நம் வீடுகளில் கவுச்சி கிடையாது, ஆனால் பொதுச் சமையலறையில் ஒரே தவாதான் இருக்கும், அதில் பக்கத்து அறைப் பையன் காலையில் பூர்வர்ஸ் (இறைச்சி சாசேஜ்) பொரித்திருப்பான், நீங்கள் போய் ரொட்டி சுடுவீர்களா? என் முதல் வருஷத்தில் ஒரு சின்னத் தவாவைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அதனால் அவள் எழுதியது: "சொந்த அடுப்பு, இல்லாவிட்டால் அறைக்குள் ஹாட்பிளேட் அனுமதி." இரண்டாவது, இருட்டிய பிறகு தனியாக இரண்டாவது டாக்ஸி பிடிக்கக் கூடாது. மூன்றாவது, கதவுக்குத் தனிப் பூட்டு.

இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த முகவரியை அடித்துவிட்டு வேறு தேடுங்கள். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

படி 3: ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள்

கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது, மெதுவாகப் படியுங்கள்.

ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமை போவார்கள். கடற்கரை, மால், வெயில், எல்லா ஊரும் சனிக்கிழமையில் அழகுதான். நீங்கள் வாழப்போவது செவ்வாய்க்கிழமைகளில். ஆகவே ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையை, கண் விழிப்பதிலிருந்து படுப்பது வரை, மணி போட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தேன், குளிக்க வரிசை உண்டா, டாக்ஸி ராங்க் வரை எத்தனை நிமிஷ நடை, டாக்ஸி நிறைய எவ்வளவு நேரம் காத்திருந்தேன், டவுனில் இறங்கி இன்னொன்று மாறினேனா, சாயங்காலம் நூலகம் மூடும்வரை இருந்தால் திரும்பி வர டாக்ஸி உண்டா, ரொட்டியும் பாலும் எங்கே வாங்கினேன்.

கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தைச் செவ்வாய் காலை 6.30 என்று வைத்துப் பாருங்கள், ஞாயிறு மதியம் காட்டிய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தலையைச் சுற்ற வைக்கும். ஆனால் அது காரில் போகிறவனுடைய நேரம். மினிபஸ் டாக்ஸியின் காத்திருப்பும் மாறுதலும் அதில் வராது. அதற்கு அந்தத் தடத்தில் தினமும் போகிறவர்களைத்தான் கேட்க வேண்டும். ஜோபர்க்கில் டாக்ஸியை நிறுத்த விரல் சைகைகள் உண்டு, ஆள்காட்டி விரலை மேலே காட்டினால் டவுனுக்கு. முதல் நாள் நான் வேறு எதையோ காட்டி வேறு எங்கேயோ போய் இறங்கினேன், அது பெரிய கதை. 2010இல் ஓட ஆரம்பித்த கௌட்ரெயின் என்கிற வேக ரயில் சுத்தம், வேகம், ஆனால் அது லெனேசியாப் பக்கம் போவதில்லை, காலை மாலை நெரிசல் நேரத்தில் கட்டணமும் கூடுதல்.

சரி, காசுக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் கணக்கைக் காட்டுவதற்காகப் போட்டவை, உங்கள் எண்களை நீங்களே கேட்டு எழுத வேண்டும். லெனேசியா அறை மாதம் 3,500 ராண்ட், பிராம்ஃபொன்டைன் அறை 5,000 ராண்ட் என்று வையுங்கள். பார்த்ததும் லெனேசியாதான் மலிவு என்று தோன்றும். டவுனுக்கு ஒரு டாக்ஸி 25, அங்கிருந்து இன்னொன்று 15, போக 40, வர 40, ஒரு நாளைக்கு 80. மாதம் 22 நாளுக்கு 1,760. கூட்டினால் 5,260. பிராம்ஃபொன்டைனில் நடந்தே போய்விடலாம், அங்கே 5,000தான். மலிவு அறைக்கு 260 ராண்ட் கூடுதல்! போகவர ஒன்றரை ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் 66 மணி நேரம் டாக்ஸியில்.

வீட்டுப் பத்தியில் வாடகை 0. ஆனால் தங்கையின் செவ்வாய்க்கிழமையில் வேறு ஒரு சங்கதி வந்தது. தம்பியோடு ஒரே அறை, அவன் இரவு பதினொன்று வரை பிளேஸ்டேஷன், ஆயாவுக்கு எட்டு மணி மாத்திரையை இவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதற்கு ராண்டில் விலை போட முடியவில்லை, ஆனால் எழுதினோம். "படிக்கும் நேரம்: 9 முதல் 9.45 வரை." எழுதிவிட்டு அவளே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசு உதவியில் படிக்கப் போகிறீர்கள் என்றால், அதாவது குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்து என்எஸ்ஃபாஸ் என்கிற அரசு மாணவர் நிதி கிடைக்கும் என்றால், அந்த அறை அங்கீகாரம் பெற்றதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் வாடகை உங்கள் கையிலிருந்து.

படி 4: கரண்ட், தண்ணீர்

அறையைக் காட்டுகிற ஏஜென்டிடம் கேட்காதீர்கள், எல்லாம் நன்றாக வருகிறது என்பார். வாசலில் இருக்கிற செக்யூரிட்டியிடம் கேளுங்கள், குடத்தோடு வருகிறவர்களைத் தினமும் பார்ப்பவர் அவர்தான்.

ஜோபர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் ஓடவில்லை. லெசோத்தோ மலைகளிலிருந்தும் வால் அணையிலிருந்தும் வருகிற தண்ணீரை மேலே ஏற்றித்தான் குடிக்கிறார்கள், அழுத்தம் குறைந்தால் மேட்டுப் பகுதிக் குழாய்கள்தான் முதலில் வறளும். வீடு மேட்டிலா பள்ளத்திலா, ஜோஜோ டேங்க் (தண்ணீர் சேமிக்கும் பிளாஸ்டிக் தொட்டி) இருக்கிறதா என்று பாருங்கள். கேப்டவுனில் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்தார்கள். டர்பன்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் சுத்திகரிப்பு நிலையமே போய், மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான்.

கரண்டுக்கு ஒரே கேள்வி: மீட்டர் யாருடையது? மாநகராட்சியின் ப்ரீபெய்டா, வீட்டுக்காரர் தனியாக மாட்டிய சப்-மீட்டரா? இரண்டாவது என்றால் ஒரு யூனிட் எவ்வளவு, சேவைக் கட்டணம் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். ஜோபர்க்கில் ஜூன் ஜூலை இரவுக் குளிர் டர்பன் உடம்புக்குப் புதுசு, ஹீட்டர் போட்டால் முன்பணம் கட்டி வாங்கிய கரண்ட் டோக்கன் கண் முன்னாலே கரையும். ஹீட்டரை விட நல்ல கம்பளி மலிவு. மாநகராட்சிக் கட்டணங்கள் ஜூலை 1 அன்று மாறும், பழைய ரசீதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

படி 5: பாதுகாப்பு

போலீஸ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்டேஷன் வாரியாகக் குற்றப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. பாருங்கள், ஆனால் மொத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டவுன் ஸ்டேஷன்களில் எண் பெரிதாக இருக்கும், அங்கே குடியிருப்பவர்களை விட வந்துபோகிறவர்கள் அதிகம். எந்த வகைக் குற்றம் என்று பாருங்கள்: செல்போன் பறிப்பு ஒன்று, வீடு புகுந்து கொள்ளை வேறு. அப்புறம் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தத் தெருவில் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். பெண்கள் தனியாக நடக்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

படி 6: வீட்டுக்குத் திரும்பும் தூரம்

ஜோபர்க்கிலிருந்து டர்பன் என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், இரவு பஸ் ஏறினால் விடியற்காலை வீட்டில். கேப்டவுன் 1,600 கிலோமீட்டருக்கு மேல், விமானம்தான். வருஷத்துக்கு எத்தனை தடவை வருவீர்கள் என்று உண்மையாக எழுதி, டிக்கெட் காசால் பெருக்கி, பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் சேருங்கள். தைப்பூசக் காவடி ஜனவரி பிப்ரவரியில் வரும், வகுப்பு தொடங்கும் நேரம். இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழா புனித வெள்ளியில் நடப்பதால் லீவு தானாகவே கிடைத்துவிடும், பஸ் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுங்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 மூடியபோது இரவெல்லாம் வண்டியில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு, ஆகவே பரீட்சைக்கு முந்தின நாள் பயணம் வேண்டாம்.

படி 7: கையெழுத்துக்கு முன்னால்

மூன்று பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்குப் பத்து மதிப்பெண், இரண்டுக்கு ஏழு என்று போட்டுக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, நமக்குப் பிடித்த இடம் ஜெயிக்கும்வரை மதிப்பெண்ணை மாற்றிக்கொண்டே இருப்போம். ராண்ட், மணி நேரம், விட்டுக்கொடுக்க முடியாதவை, இந்த மூன்று வரிகள் போதும். முடிந்தால் யாராவது உறவுக்காரர் வீட்டில் மூன்று இரவு தங்கி அந்தச் செவ்வாய்க்கிழமையை ஒரு தடவை நடந்தே பாருங்கள். எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் லெனேசியாவில் ஒரு பெரியம்மா இருப்பார்.

பார்க்காத அறைக்கு டெபாசிட் அனுப்பாதீர்கள். போட்டோவை நெட்டில் திருடி விளம்பரம் போடுகிறவர்கள் ஜனவரியில்தான் அதிகம். வாடகை வீடுகள் சட்டப்படி டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் வைக்க வேண்டும், நுழையும்போதும் காலி செய்யும்போதும் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து அறையைப் பார்த்துக் குறைகளை எழுத வேண்டும். சேதம் எதுவும் இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்த 7 நாளில் பணம் திரும்ப வர வேண்டும், பழுதுச் செலவு கழித்தால் 14 நாள். தகராறு வந்தால் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. இதெல்லாம் எனக்குப் பதினெட்டு வயதில் தெரியாது. கீசருக்கு அடியில் நான் வருவதற்கு முன்பே இருந்த துருக்கறைக்காக என் முழு டெபாசிட்டையும் அந்த வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார், காட்டுவதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

தங்கை பிராம்ஃபொன்டைனுக்குப் போனாள். ஜனவரி கடைசியில் அவள் அனுப்பிய முதல் படங்கள் பதினேழு: சுவர் விரிசல், ஜன்னல் கொக்கி, அலமாரிக் கதவு, கீசரின் அடிப்பாகம். கடைசிப் படத்தில் மட்டும் ஹாட்பிளேட்டின் மேல் என் பழைய தவா.