காப்பு என்ற சொல்லே தரும் குழப்பம்: சீக்கியரின் இரும்பு வளையம்

சீக்கியர்கள் கையில் போடும் இரும்பு வளையத்துக்குப் பெயர் கரா. பஞ்சாபியில் அந்த இரண்டாவது எழுத்து ரகரத்துக்கும் டகரத்துக்கும் நடுவில் ஒலிக்கும். ‘கடா’ என்றும் எழுதலாம்தான், ஆனால் நமக்கு வேறு கடா ஞாபகத்துக்கு வந்துவிடும். பேச்சில் நாம் அதைக் காப்பு என்றே சொல்கிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

காப்பு என்றால் நம்மைக் காப்பது. குழந்தைக்குக் காப்பு போடுவது கண் படாமல் இருக்க. குதிரை லாடத்தில் மோதிரம் செய்து போடுவது சனிக்காக. இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் கராவைப் பார்த்ததும், ‘இரும்பாச்சே, சனி தோஷத்துக்கு நல்லது’ என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் கரா தாயத்து இல்லை. சீக்கியக் கோயில்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்துவாரா பிரபந்தக் குழு 1945-இல் ஏற்றுக்கொண்ட சீக்கிய ஒழுக்க நெறியான ‘ரெஹத் மரியாதா’, ஜாதகம், சகுனம், நல்ல நேரம், மந்திரம் எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளுகிறது. அந்த மதத்தின் அடையாளத்தைக் கிரகப் பரிகாரத்துக்குப் போடுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

நம்மிடமே இதற்கு நெருக்கமான வேறொரு காப்பு உண்டு. மாரியம்மன் திருவிழாவில் காப்பு கட்டுகிறோமே, அது. அதைக் கட்டியவர் விரதத்தில் இருப்பவர். இன்னது செய்யலாம், இன்னது கூடாது என்று கட்டுப்பட்டவர். கராவும் இப்படித்தான். கை ஒரு காரியத்துக்கு நீளும்போது கண்ணில் படுகிற இடத்தில் அது இருக்கிறது. இந்தக் கை குருவுக்குக் கட்டுப்பட்ட கை என்று நினைவூட்டுகிறது. சிலர் அதைக் கடவுள் பூட்டிய கைவிலங்கு என்றே சொல்வார்கள். ஒரே வித்தியாசம், திருவிழா முடிந்தால் நம் காப்பை அவிழ்த்துவிடுவோம். அமிர்தம் பெற்ற சீக்கியருக்கு அவிழ்க்கும் நாள் என்று ஒன்று கிடையாது.

அமிர்தம் என்பது தீட்சை. 1699 வைசாகி நாளில் ஆனந்தபூர் சாகிபில் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியரின் சமூகமான கால்சாவைத் தொடங்கியபோது, இரும்புக் கிண்ணத்தில் நீரும் சர்க்கரையும் இட்டு, இருபுறமும் கூரான வாளால் கலக்கி முதல் ஐந்து பேருக்குக் கொடுத்தார். வெட்டாத கேசம், கங்கா என்ற சீப்பு, கரா, கச்சேரா என்ற அரைக்கால் உள்ளாடை, கிர்பான் என்ற குறுவாள் ஆகிய ஐந்து அடையாளங்களையும் சீக்கிய மரபு அந்த நாளோடு சேர்த்தே சொல்கிறது. ஆகவே இதைப் பஞ்சாபி நகை என்று சொல்வதும் சரியில்லை. அந்த ஐவரில் ஒருவர் பூரி ஜகந்நாதத்துக்காரர், ஒருவர் துவாரகைக்காரர், இன்னொருவர் நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்து பீதரைச் சேர்ந்தவர் என்கிறது அதே மரபு.

அப்புறம் உலோகம். பரிசளிக்க நினைப்பவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். ‘இரும்பு எதற்கு, வெள்ளியிலோ தங்கத்திலோ கொடுத்தால் கௌரவமாக இருக்குமே’ என்று தோன்றும். அப்படிக் கொடுத்தால் அது நகையாகிவிடும். பணக்காரர் கையிலும் கூலிக்காரர் கையிலும் ஒரே இரும்பு இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். கல் பதித்தது, சாமி உருவம் செதுக்கியது, செம்பு முறுக்கியது எல்லாம் அழகாக இருக்கலாம், கரா ஆகாது. திருகு வைத்ததும் வாய் திறந்ததும் அப்படியே. கரா முழு வட்டம். தொடக்கமும் முடிவும் இல்லாத இறைவனுக்கு அந்த வட்டத்தை அடையாளமாகச் சொல்வார்கள்.

சண்டைக்கான ஆயுதம் என்று நினைப்பதில் பாதி உண்மை இருக்கிறது. நீல உடை உடுத்தும் நிஹாங் வீரர்கள் தடித்த வளையங்களைப் பல அடுக்காகப் போடுவார்கள். சண்டைக்கென்றே முனைகள் வைத்துச் செய்த கராக்களும் இருந்தன. ஆனால் இன்று அலுவலகம் போகும் ஒரு சீக்கியப் பெண்ணின் கையில் இருக்கும் மெல்லிய வளையத்தைப் பார்த்து, அடிதடிக்கு முன்னால் காப்பை மேலே ஏற்றும் நம் சினிமா நாயகனை நினைப்பது அபத்தம். ஆமாம், பெண்களும் போடுவார்கள். கரா போட்ட எல்லோரும் தீட்சை பெற்றவர்கள் என்றும் எண்ண வேண்டாம். முடி வெட்டிக்கொண்ட சீக்கியர்களும் கராவை மட்டும் விடாமல் போடுவதுண்டு.

சட்டத்திலும் ஒரு குழப்பம் நடக்கிறது. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவின் விளக்கத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது கிர்பான், கரா அல்ல. அதனால் கராவுக்கு மதிப்பில்லை என்று அர்த்தமில்லை. 2018-இல் நீட் தேர்வுக்குக் கராவும் கிர்பானும் அணிந்து வர சீக்கிய மாணவர்களை டெல்லி உயர் நீதிமன்றம் அனுமதித்தது, சோதனைக்காக முன்கூட்டியே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்கு முன்பே 2008-இல், பிரிட்டனின் வேல்சில் நகை கூடாது என்ற விதியைக் காட்டி ஒரு மாணவியின் கராவைப் பள்ளி தடுத்தது பாகுபாடு என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்காக எங்கேயும் கழற்றவே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதும் தவறு. எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு போகக் கூடாது. அங்கே செவிலியர் செய்யக் கூடாதது, சட்டென்று கையைப் பிடித்து உருவுவது. காரணத்தைச் சொல்லி, அவரையே கழற்றச் சொல்லி, பத்திரமாக அவர் வீட்டாரிடம் கொடுத்தால் போதும்.

வாங்குபவர்களுக்கு ஒன்று. துருப்பிடிக்காத எஃகில் செய்தது அப்படியே கிடக்கும். சர்ப்லோஹ் எனப்படும் தனி இரும்பில் செய்தது வியர்வைக்குத் துருப்பிடிக்கும், அதைப் பார்த்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். துடைத்து எண்ணெய் பூசினால் சரியாகிவிடும். அளவுக்கு மணிக்கட்டை அளக்காதீர்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கை அதிக அகலமாக இருக்கும் இடத்தை அளக்க வேண்டும். வளையம் அந்த வழியாகத்தான் ஏற வேண்டும்.