என்க்ளெக்ஸ் பெயிலாகி திரும்ப எழுதப்போறீங்களா? நான் செஞ்ச தப்ப செய்யாதீங்க

என்க்ளெக்ஸ்ங்கிறது அமெரிக்கால நர்ஸ் லைசன்ஸ் எடுக்க எழுதுற பரீட்சை. பெயில்னு ரிசல்ட் வந்த அன்னைக்கு நான் செஞ்ச மொத வேலை என்னன்னா, கூட வேலை செய்யிற மிஸ் ஒருத்தங்ககிட்ட இன்னும் ரெண்டு புக் கேட்டு வாங்கினதுதான். இருந்த புக்கையே நாலு தரம் முடிச்சிருந்தேன். நைட் டியூட்டி முடிஞ்சு ஹட்டன் பஸ்ல தொங்கிக்கிட்டு வந்து தூங்காம இஸ்தோப்புல உக்காந்து மறுபடியும் அதே ஹார்ட் பெயிலியர் அதே டயபடீஸ், அம்மா கொழுந்து நிறுத்துட்டு வந்து "இன்னுமா படிக்கிற"ன்னு கேப்பாங்க. படிச்சேன்தான். எதுல விழுந்தேன்னு மட்டும் பாக்கல.

பெயிலானவங்களுக்குன்னே ஒரு ரிப்போர்ட் வரும், பெர்பாமன்ஸ் ரிப்போர்ட்னு. 8 பகுதி இருக்கும், ஒவ்வொண்ணுலயும் நீங்க பாஸ் லெவலுக்கு மேலயா, கிட்டயா, கீழயான்னு போட்டிருப்பாங்க. வெக்கத்துல நான் அத மூணு வாரம் தொறக்கவே இல்ல. தொறந்து பாத்தா மருந்துப் பகுதி மேல, அதுதான் நான் ராவா பகலா படிச்சது. மேனேஜ்மென்ட் ஆப் கேர், அதாவது யாருக்கு எந்த வேலைய குடுக்கிறது, யார மொத பாக்கிறதுங்கிற பகுதி, கீழ. கேள்வில பெரிய பங்கு அதுக்குத்தான் போகுது, நான் அந்த சாப்டர புரட்டிக்கூட பாக்கல, "இதெல்லாம் நம்ம டெய்லி செய்யிற வேலைதானே"ன்னு விட்டுட்டேன்.

அங்கதான் மாட்டுறது. நம்ம வாட்ல கை சும்மா இருக்கிறவங்க வேலைய செய்வாங்க, அட்டென்டன்ட் அண்ணனே பாதி வேலைய பாத்துருவாரு. அமெரிக்கால ஆர்என் (முழுப் பொறுப்புள்ள நர்ஸ்), எல்பிஎன் (அதுக்கு அடுத்த படி நர்ஸ்), யூஏபி (லைசன்ஸ் இல்லாத உதவியாள்)னு மூணு படி, யாருக்கு எத குடுக்கலாம்னு கோடு போட்ட மாதிரி இருக்கும். அசெஸ் பண்றது, சொல்லிக்குடுக்கிறது, பலன் வந்துச்சான்னு பாக்கிறது, நிலைமை ஆடிக்கிட்டு இருக்கிற பேஷன்ட், இதெல்லாம் ஆர்என் கையவிட்டு போகக்கூடாது. யூஏபிக்கு குளிப்பாட்டுறது, நடக்க வைக்கிறது, நிலையா இருக்கிற ஆளுக்கு பிரஷர் பாக்கிறது மாதிரி வேலைதான்.

யார மொத பாப்பீங்கன்னு வர்ற கேள்வியும் அப்பிடித்தான். ஒரு ஆளுக்கு ஆப்பரேஷன் முடிஞ்சு வலி 10க்கு 8, கத்துறாரு. சிஓபிடின்னு நாள்பட்ட நுரையீரல் வருத்தம் உள்ள ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் 90 சதவீதம். இன்னொரு அம்மாவுக்கு நேத்து தைராய்டு எடுத்தாங்க, வாயச் சுத்தி சுருசுருன்னு இருக்குன்னு மெதுவா சொல்றாங்க. நம்ம வாட் பழக்கத்துல கத்துறவருகிட்டதான் ஓடுவோம், இல்லன்னா 90ன்னு பாத்து பயந்துருவோம். சிஓபிடிக்கு 90 எதிர்பாத்ததுதான், ஆப்பரேஷனுக்கு வலியும் எதிர்பாத்ததுதான். தைராய்டு எடுத்த அம்மாவுக்கு கல்சியம் இறங்குது, அடுத்து தொண்டை இறுகி மூச்சு அடைக்கலாம், அதனால மொத அவங்க. இந்த "எதிர்பாத்ததா, எதிர்பாக்காததா"ங்கிற ஒரு கேள்விய மனசுல ஓட்ட பழகினதுக்கு அப்பறம்தான் எனக்கு பிராக்டிஸ் மார்க் ஏறிச்சு.

அடுத்தது, எதுக்கெடுத்தாலும் "டொக்டர கூப்பிடு"ன்னு டிக் பண்றது. ரத்தம் ஏறிக்கிட்டு இருக்கு, பேஷன்ட் குளிருது, இடுப்பு வலிக்குதுங்கிறாரு, நம்ம கை போனுக்கு போகுது. மொத ரத்தத்த நிப்பாட்டணும், புது டியூப்ல சேலைன் போட்டு லைன காப்பாத்தணும், அப்பறம்தான் போன். கட்டில்கிட்ட நின்னு நம்மளே செய்யக்கூடியது ஒண்ணு அந்த நாலு விடைல இருந்தா அத விட்டுட்டு போனுக்கு போகாதீங்க. தாதிக்கு இவ்வளவு தைரியம் குடுக்கிற பரீட்சைய நான் வேற பாத்ததில்ல, அதுக்காகவே கொஞ்சம் புடிச்சுப்போச்சு.

"பொருந்துற எல்லாத்தையும் தெரிவு செய்"ங்கிற கேள்விய, எல்லாம் சரியா இருந்தாத்தான் மார்க்குங்கிற பழைய கதையா நினைச்சு பயப்படாதீங்க. 2023 ஏப்ரல்ல முறை மாறினதுல இருந்து சரியா டிக் பண்ணின ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க் உண்டு, ஆனா தப்பா ஒண்ணு டிக் பண்ணினா ஒரு மார்க் வெட்டும், சைபருக்கு கீழ போகாது. சரியான நாலையும் போட்டு கூட ரெண்டு தப்பும் போட்டா மிஞ்சுறது 2. நிச்சயமா தெரிஞ்ச மூணோட நிறுத்தியிருந்தா 3. "எதுக்கும் இருக்கட்டும்"னு எல்லாத்தையும் டிக் பண்ற ஆளுதான் நான், பிராக்டிஸ்ல வெட்டு வாங்கி வாங்கித்தான் அந்தப் பழக்கம் போச்சு.

கேஸ் ஸ்டடி புதுசு, ஒரே பேஷன்ட் மேல ஆறு கேள்வி தொடர்ந்து வரும், குறைஞ்சது மூணு கேஸ் இருக்கும். புக்க மட்டும் படிச்சா இது கைக்கு வராது, ஸ்கிரீன்லதான் பழகணும். கரண்ட் போனா போன்லயாவது செய்ங்க.

மருந்துப் பேர் ஒரு சின்ன விஷயம், ஆனா சறுக்கும். நம்ம பாரசிட்டமோல் அங்க அசெட்டமினோபென், சல்பியூட்டமோல் அல்பியூட்டரோல், பெத்திடின் மெப்பெரிடின், அட்ரினலின் எபிநெப்ரின். எடை ராத்தல்ல வந்தா 2.2ஆல பிரிங்க, 176 ராத்தல்னா 80 கிலோ.

எத்தனையாவது கேள்வில கம்ப்யூட்டர் நிக்குதுன்னு எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. குறைஞ்சது 85, கூடினது 150, நேரம் 5 மணித்தியாலம். நீங்க பாஸ் லெவலுக்கு மேலயா கீழயான்னு 95 சதவீதம் நிச்சயமானா மெஷின் நிப்பாட்டிரும். எனக்கு மொத தரம் 85லயே நின்னுச்சு, சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தேன், பெயில். ரெண்டாவது தரம் 131 வரைக்கும் போச்சு, அழுதுக்கிட்டே வெளிய வந்தேன், பாஸ். அதுக்காக ஒரே கேள்வில பத்து நிமிஷம் குந்திக்கிட்டும் இருக்காதீங்க, நேரம் முடியிறப்ப 85ம் ஆகலன்னா நேரா பெயில்தான். முந்தின கேள்விக்கு திரும்பிப் போகவும் முடியாது.

திகதி விஷயத்துல ரெண்டு மாதிரி தப்பு நடக்குது. குறைஞ்சது 45 நாள் காத்திருக்கணும், சிலபேர் 46ஆவது நாளே கோவத்துல எழுதுறாங்க, சிலபேர் நகை அடகுல கிடக்குதேன்னு ஒரு வருஷம் தள்ளுறாங்க. எனக்கு சரியா வந்தது மூணு மாசம். காசும் சின்னக் காசு இல்ல, பரீட்சைக்கு 200 டொலர், வெளிநாட்டுல எழுதினா மேல 150, ஒவ்வொரு தரமும் புதுசா கட்டி, லைசன்ஸ் குடுக்கிற ஸ்டேட் நர்சிங் போர்டுக்கும் திரும்ப அப்ளை பண்ணி, புது அனுமதிக் கடிதம் எடுக்கணும். நீங்க லைசன்ஸுக்கு அப்ளை பண்ற ஸ்டேட் எத்தனை தரம் விடும்னும் பாத்துக்கங்க, புளோரிடான்னா மூணு தரம் பெயிலானதும் திருத்தப் படிப்பு ஒண்ணு முடிச்சாத்தான் மறுபடி எழுத விடுவாங்க.

பேர் விஷயம் நம்ம தோட்டத்து ஆளுங்களுக்குன்னே உள்ளது. பெர்த் சர்டிபிகேட்ல கிளாக்கர் எழுதின பேர் ஒண்ணு, ஐசில (அடையாள அட்டைல) ஒண்ணு, பாஸ்போட்ல அப்பா பேர் முன்னுக்கு. ரெஜிஸ்டர் பண்றப்ப பாஸ்போட்டப் பக்கத்துல வச்சு எழுத்துக்கு எழுத்து பாத்து டைப் பண்ணுங்க. ஒரு எழுத்து மாறினாலும் வாசல்லயே திருப்பி அனுப்பலாம், கட்டின காசும் போகும்.

நான் எழுதினது சென்னைல. மழைக் காலத்துல கினிகத்தேன ரோட்டுல எப்ப மண் சரியும்னு யாருக்கும் தெரியாது, அதனால பிளைட்டுக்கு ரெண்டு நாள் முந்தியே கொழும்புக்கு இறங்கிருங்க, இந்திய விசாவ அதுக்கும் முந்தியே எடுத்துருங்க. பரீட்சை வாசல்ல பாஸ்போட்தான் கேப்பாங்க, ஐசிய நீட்டாதீங்க. ஒரு ஸ்வெட்டரும் கொண்டுபோங்க, சென்னை வெயில்தானேன்னு நான் சும்மா போய் அந்த ஏசில நுவரெலியா மாதிரி நடுங்கிக்கிட்டுத்தான் எழுதினேன்.